அக்காவைக் கவிழ்க்காத படகு

தனுஷ்கோடியில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்ததும் முதலில் கையில் எடுத்தது தூக்குக்குண்டை. பித்தளைக் குண்டு, நூலில் கட்டித் தொங்கவிட்டு, பலகையோ சுவரோ நேராக நிற்கிறதா என்று பார்க்கிற சாமான். அவர் அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு பேனாக்கத்தியால் ஓரத்தில் சுரண்டினார். சிலோனிலிருந்து வருகிற ஒருவன் வெறும் பித்தளையைச் சுமந்து வருவான் என்று நம்ப அவருக்கு மனம் வரவில்லை. சுரண்டிய இடத்திலும் பித்தளையே இருந்தது. ஏமாற்றத்தோடு திருப்பித் தந்தார். எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

நான் கொழும்பில் ஒரு படகுப் பட்டறையில் வரைபடம் போடுகிறவன். பதினெட்டு வருஷமாகப் படகுகளைக் காகிதத்தில் கட்டிக்கொண்டிருக்கிறேன். அவற்றில் ஏறிப் போவது மற்றவர்கள் வேலை. ஐம்பத்தொன்பதாம் ஆண்டு தை மாதத்தில் என்னைக் கடல் தாண்டி அனுப்பியவர் என் அக்காவின் கணவர். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்கு வழிகாட்டி உள்ளே கொண்டுவரும் பைலட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகன் பினாங்கில் இருக்கிறான். அவனைப் பார்க்க டிக்கெட் எடுத்துக் கப்பலில் போவது தனக்குக் கௌரவக் குறைவு என்றும், சொந்தப் பாய்ப்படகில்தான் போய் இறங்கவேண்டும் என்றும் அத்தான் முடிவு செய்திருந்தார். அவரைத் தனியே அனுப்ப அக்கா சம்மதிக்கவில்லை. தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள். அக்காவுக்கு நீந்தத் தெரியாது. குளிக்கும்போதுகூட வாளித் தண்ணீரை மெதுவாகத்தான் தலையில் ஊற்றுவாள்.

பாம்பனில் வெளிநாட்டார் இருவரின் பாய்ப்படகுகள் விற்பனைக்கு நிற்பதாக அத்தானுக்குச் செய்தி வந்தது. ஒன்று பழையது, ஒன்று புதியது. இரண்டுமே அடுப்பும் படுக்கையும் வைத்து, மாதக்கணக்கில் உள்ளேயே குடியிருந்துகொண்டு கடல் கடப்பதற்காகக் கட்டியவை. அத்தானுக்கு முழங்கால் வலி. அதனால் நான் கிளம்பினேன். எதையெல்லாம் பார்க்கவேண்டும் என்று அவர் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். அக்கா வாசல்வரை வந்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"தம்பி, எது என்னைக் கவிழ்க்காதெண்டு மட்டும் பாத்துக்கொண்டு வா. மற்றதெல்லாம் இவர் பாத்துக்கொள்ளுவார்."

தனுஷ்கோடியில் ஏறிய ரயில் கொஞ்ச தூரத்திலேயே நின்றது. தண்டவாளத்தை மணல் மூடியிருந்தது. எங்கள் பக்கத்தில் மாடு குறுக்கே வந்தால் ரயில் நிற்கும். இங்கே மணல் குறுக்கே வருகிறது. நாலைந்து பேர் மண்வெட்டியோடு இறங்கி, அவசரமில்லாமல் அள்ளினார்கள். எதிரே கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அம்மாள் என் செருப்பையும் பெட்டியையும் பார்த்துவிட்டு, "சிலோன் சோப்பு இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பவுடர், சீட்டித் துணி என்று வரிசையாகக் கேட்டார். எதுவுமே இல்லை என்று தெரிந்ததும், "பின்ன எதுக்கு வாரீக?" என்றார். இரண்டு படகு பார்க்க என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

பாம்பன் ஸ்டேஷனில் சவரிமுத்து காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை, தோளில் துண்டு. பழைய படகின் சொந்தக்காரர் ஓர் ஆங்கிலேயர். போன சித்திரையில் காய்ச்சலில் விழுந்து ஊருக்குத் திரும்பிப் போனபோது, படகை சவரிமுத்துவின் பொறுப்பில் விட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து இவர் தன் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் அந்தப் படகைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்பதற்கு நான் "ஓம், ஓம்" என்று சொல்வதைக் கேட்டு முதல் ஐந்து நிமிஷம் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு பழகிவிட்டார்.

தங்குவதற்கு ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் அறை கிடைத்தது. சாப்பாடு சவரிமுத்து வீட்டில். அவருடைய மனைவி ரோசம்மா என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார்; முதல் நிமிஷத்திலிருந்தே தம்பி என்றுதான் கூப்பிட்டார். "அங்கன குந்துங்க தம்பி" என்று அவர் காட்டிய இடம் சமையல் கொட்டகையை ஒட்டி, முழங்கால் உயரத்தில், பனையோலைப் பாய் போர்த்தியிருந்த நீளமான மேடை. காலையில் உட்கார்ந்தால் குளிர்ந்தது, மத்தியானம் சுட்டது. நான் எழுந்து போனால் அதே இடத்தில் ரோசம்மா கருவாடு காயவைப்பார். அன்றைக்குப் பாறை மீன் குழம்பு. எங்கள் வீட்டில் தேங்காய்ப்பாலை ஊற்றி எல்லாவற்றையும் சமாதானப்படுத்திவிடுகிறோம். இங்கே புளியும் மிளகாயும் நேருக்கு நேர் நிற்கின்றன. சொதி கிடைக்குமா என்று கேட்டேன். அது என்ன என்று ரோசம்மா கேட்டார். தேங்காய்ப்பாலில் காரமில்லாமல் வைக்கிற குழம்பு என்று விளக்கினேன். "காச்சல்காரனுக்குக் குடுக்கிறதா?" என்றார்.

சாயங்காலம் கரையில் போய் நின்று இரண்டு படகையும் பார்த்தேன். வாடைக்காற்றுக் காலம் என்பதால் ஊரின் வள்ளங்கள் எல்லாம் வடகரையை விட்டுத் தென்கரைக்கு வந்திருந்தன. அவற்றுக்கு நடுவே இவை இரண்டும் நின்றன. ஊரார் அவற்றுக்குத் தாங்களே பெயர் வைத்திருந்தார்கள். பழையது துரைசாணி. கறுப்பு உடம்பு, முன்னால் கொம்புபோல் நீண்ட மரம், குட்டையான பருத்த பாய்மரம். என் தகப்பனார் பிறப்பதற்கு முன்பே கட்டியது. புதியதின் பெயர் முட்டை. வெள்ளை வெளேரென்று, மெல்லிய ஓட்டோடு, தண்ணீரின்மேல் ஒட்டாமல் நின்றது. அதன் பாய்மரம் பக்கத்துத் தென்னைகளைவிட உயரம்.

மறுநாள் வியாழக்கிழமை முட்டையில் போனேன். அதன் சொந்தக்காரர் ஓர் ஒல்லாந்து இளைஞர்; மனைவியோடு இரண்டு வருஷமாகக் கடலில் சுற்றுகிறார். மனைவிக்கு இது ஏழாம் மாதம். அதனால் படகை விற்றுவிட்டு இருவரும் ஊர் திரும்புகிறார்கள். அவர் ஆங்கிலத்தில் பேசினார், நானும் ஆங்கிலத்தில் பேசினேன், இரண்டு ஆங்கிலமும் ஒன்றையொன்று எப்படியோ அடையாளம் கண்டுகொண்டன.

முட்டையைக் குறைசொல்லப் போனால் நாள் முழுவதும் தேடவேண்டும். உடம்பு பிளைவுட்; ஒட்டுப்பலகையைப் பசையால் ஒட்டி வளைத்திருக்கிறார்கள். பாய்கள் டெரிலின். எங்கள் ஆபீசில் தலைமை எழுத்தர் தீபாவளிக்குத் தைத்துக்கொண்டு எல்லோரையும் தொட்டுப் பார்க்கச் சொன்ன சட்டையும் அதே துணிதான். கயிறு நைலான், நனைந்தாலும் முறுக்கிக்கொள்வதில்லை. எல்லாப் பாயும் முக்கோணம். ஒற்றை ஆள் உட்கார்ந்த இடத்திலேயே ஏற்றி இறக்கலாம். படகு கவிழாமல் நிறுத்துகிற எடை முழுவதும் அடியில் ஓர் இரும்புத் தகடாக, மீனின் துடுப்புபோல் தொங்குகிறது. அதை எட்டு போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். சுக்கான் அதற்கும் பின்னால் தனியே. ஒரு விரலால் திருப்பினால் படகு நின்ற இடத்திலேயே திரும்பிப் பார்க்கிறது. நான் கொழும்பில் வரைகிறதும் இந்த மாதிரிதான் என்பதால், என் பிள்ளையை யாரோ புகழ்கிற மாதிரி எனக்கு இருந்தது.

உள்ளே போனபோது அலை மோதுகிற சத்தம் தகரக் கொட்டகையில் மழை பெய்கிற மாதிரி கேட்டது. ஒல்லாந்துக்காரரின் மனைவி ஒரு கையால் தேநீர் கலக்கினார். மறு கை மேலே ஒரு கம்பியைப் பிடித்திருந்தது.

"இந்தப் படகில் இரண்டு வருஷமும் நான் ஒற்றைக் கையால்தான் சமைத்தேன். இரண்டு கையும் சேர்த்து மாவு பிசைவதற்காகவே கரைக்கு வர ஆசைப்பட்டிருக்கிறேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, விவரமாகத்தான் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் அந்த இரும்புத் துடுப்பும் சுக்கானும் சேர்ந்து யாருடைய வலையையோ இழுத்துக்கொண்டன. நன்றாக ஓடிக்கொண்டிருந்த படகு, சட்டையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்த மாதிரி நின்றது. தூரத்து வள்ளத்தில் நின்ற ஒருவர், "ஏலே, வலையில ஏறிட்டான்டா" என்று மற்றவருக்குச் சொன்னது காற்றில் தெளிவாக வந்தது. அவர்கள் வந்து, ஒல்லாந்துக்காரரைத் தண்ணீரில் குதிக்கச் சொல்லி, எந்தக் கண்ணியை எப்படி விடுவிக்கவேண்டும் என்று மேலிருந்து ஒரு மணி நேரம் தமிழில் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் மூச்சு வாங்க மேலே வரும்போதெல்லாம் அடுத்த பாடம் காத்திருந்தது. துரைசாணிக்கு இந்தத் தொல்லை இல்லை என்று கரைக்கு வந்ததும் சவரிமுத்து சொன்னார். அவளுடைய அடிமரம் முன்னாலிருந்து பின்னால்வரை ஒரே நீளமாக ஓடுகிறது. வலைமேல் வழுக்கிக்கொண்டு போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமை ராமநாதபுரத்தில் ஒரு காகிதத்தில் முத்திரை வாங்கவேண்டியிருந்தது. ரயிலில் பாலம் தாண்டி மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்தேன். உச்சிப்புளிக்குப் பக்கத்தில் டயர் வெடித்தது. மாற்று டயர் இருந்தது, அதைக் கழற்றும் சாவி இல்லை. டிரைவர் எதிர்ப்பட்ட மாட்டுவண்டியில் ஏறிச் சாவி தேடிப் போனார். நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து அவித்த பனங்கிழங்கு வாங்கி உரித்துத் தின்றோம். யாழ்ப்பாணத்துக் கிழங்கைவிட இதில் நார் கொஞ்சம் அதிகம், மணமும் அதிகம். பக்கத்தில் இருந்த, சிக்கல் என்கிற ஊர்க்காரர் ஒருவர், நிலபுலம் உள்ளவர், நான் சிலோன் என்று தெரிந்ததும் அங்கே மழை எப்படி என்று மட்டும் கேட்டார். மழை நிறைய என்றேன். "குடுத்து வச்ச ஊரு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அலுவலகத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது முத்திரை வைக்கிறவர் சாப்பிடப் போயிருந்தார். திரும்பி வந்து, முத்திரையே தேவையில்லை என்றார். இரவு அறைக்குத் திரும்பி கால்சட்டையைக் கழற்றியபோது, பின்பக்கம் முழுவதும் சிவப்புக் கறை. பஸ்ஸின் இருக்கையைத் திட்டிவிட்டுத் துவைத்துப் போட்டேன்.

சனிக்கிழமை காலை துரைசாணியை ஆராய ஏறினேன். ஆராய்வது என் தொழில் என்பதால் ஒன்றையும் விடவில்லை. பலகை ஒவ்வொன்றும் இரண்டு விரல் கனம், தேக்கு. தட்டிப் பார்த்தால் கணீரென்று பதில் வந்தது. பின்பக்கம் ஒரே ஓர் இடத்தில் மட்டும் உளுத்த சத்தம். பாய் பருத்தித் துணி, நனைந்தால் இரண்டு ஆள் கனம். நாற்கோணப் பெரும்பாய், அதன் தலையில் ஒரு கனத்த மரம், அதையும் சேர்த்துத் தூக்கவேண்டும். ஆனால் அங்கே இருந்த எந்தக் கட்டையையும் எந்தக் கயிற்றையும் பாம்பன் கரையில் யாராலும் மாற்றிவிட முடியும். முட்டையின் பிளைவுட் ஒருமுறை மாலத்தீவில் கிழிந்தபோது, பசை ஒல்லாந்திலிருந்து வரும்வரை ஆறு வாரம் காத்திருந்ததாக அதன் சொந்தக்காரரே சொல்லியிருந்தார்.

உள்ளே தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தேன். கீழே ஒரு துளி தண்ணீர் இல்லை, ஒரு குப்பை இல்லை. துடைத்து வைத்ததுபோல் வெறுமையாக இருந்தது. சவரிமுத்துவின் சுத்தத்தைப் பாராட்டினேன், அவருக்குச் சந்தோஷம். வெளியே, தண்ணீர் எதுவரை வரவேண்டும் என்று காட்டுகிற சிவப்புப் பட்டை கடலுக்கு ஒரு சாண் மேலே நின்றது. 'சாமான் எதுவும் இல்லை, அதனால் மிதந்து நிற்கிறது' என்று நோட்டில் எழுதினேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் யாருக்கும் காட்டுவதில்லை.

பாய் ஏற்றும் நேரத்தில் ஆறு பேர் வந்து ஏறினார்கள். எல்லோரும் சவரிமுத்துவின் உறவுக்காரர்கள், நல்ல வாட்டசாட்டமான ஆட்கள். ஒரு வேலையும் செய்யாமல், காற்று வருகிற பக்கத்து விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. துரைசாணியில் ஓசிச் சவாரி போக ஊரே திரண்டு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"இவ்வளவு பேர் எதற்கு? கொழும்பில் இந்த அளவுப் படகை இரண்டு பேர் ஓட்டுவார்கள்" என்றேன்.

"காத்து கொஞ்சம் கூடும்போல இருக்கு சார். ஆளு இருக்கட்டுமே" என்றார் சவரிமுத்து.

"இரண்டு பேர் போதும்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "சரி, உங்க இஷ்டம்" என்றார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, "ஏலே, நாலு பேரு எறங்குங்கடா. சார் சொல்றாக" என்றார். நாலு பேரும் முகம் கோணாமல் இறங்கி வள்ளத்தில் கரைக்குப் போனார்கள்.

குருசடைத் தீவுப் பக்கம்வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு வாடை ஒரு வீச்சு வீசியது. பெரிதாக ஒன்றுமில்லை, முட்டையாக இருந்தால் லேசாகத் தலையாட்டியிருக்கும். துரைசாணி படுத்துவிட்டாள். விளிம்பு தண்ணீருக்குள் போனது. உள்ளே அலமாரி திறந்து பீங்கான் உடைகிற சத்தம், தேநீர்க் கெண்டி ஒன்று கதவுக்குள்ளிருந்து பறந்து வந்து என் தோளில் பட்டுக் கடலில் விழுந்தது. முழங்கால்வரை தண்ணீரில் நின்றுகொண்டு, என் கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு கயிற்றை நான் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். சவரிமுத்து பெரும்பாயை இழுத்துக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து விட்டார். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. படகு அப்படியே படுத்தபடி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு மெள்ள மெள்ள எழுந்து நின்றது. பயந்துவிட்டேன். எனக்காக அல்ல என்று சொன்னால் பொய். ஆனால் படகு நிமிர்ந்த பிறகும் நான் நினைத்துக்கொண்டிருந்தது அக்காவைத்தான். அந்த அலமாரிக்கும் அடுப்புக்கும் நடுவே அக்கா நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கண்ணுக்குத் தெரிந்தது.

கரைக்கு வந்ததும் ஈரத்தோடு தந்தியை எழுதினேன். 'புதியதை வாங்கவும். பழையது சாய்கிறது. ஆபத்து.' தபாலாபீசுக்கு ஓடினேன். அன்றைக்குத் தந்தி நேரம் முடிந்துவிட்டது, இனித் திங்கட்கிழமைதான் என்றார்கள். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாம்பனில் எந்த வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. கோயில் பூசை முடிந்து எல்லோரும் வெள்ளையில் வந்தார்கள். அன்று ரோசம்மா நண்டு சமைத்திருந்தார். கூடவே, எனக்கென்று, தேங்காய்ப்பால் ஊற்றி மஞ்சளாக ஒரு கிண்ணம் வைத்திருந்தார். நான் விளக்கியதை மனதில் வைத்துச் செய்த சொதி. சொதி மாதிரி இல்லை என்றாலும் நன்றாக இருந்தது. அவ்வளவு செய்தவர்களிடம் மறைத்து வைப்பது சரியில்லை என்று தோன்றியதால், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து என் மேடையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

"துரைசாணி எங்களுக்குச் சரிவராது சவரிமுத்து. அவ்வளவு சாய்கிற படகில் என் அக்காவை ஏற்ற மாட்டேன்."

சவரிமுத்து பல் குத்திக்கொண்டிருந்தார். "சாயாம என்ன சார் செய்யும்? இரும்பும் இல்ல. ஆளையும் நீங்க எறக்கி விட்டுட்டீக."

"எந்த இரும்பு?"

"நீங்க குந்தியிருக்கீகளே, அது."

நான் எழுந்தேன். அவர் வந்து பனையோலைப் பாயைச் சுருட்டினார். அடியில், செங்கல் அடுக்கியதுபோல், ஒன்றன்மேல் ஒன்றாக இரும்புப் பாளங்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் தம் பிடித்துத் தூக்குகிற கனம். மேலெல்லாம் சிவந்த துரு. என் கால்சட்டையின் கறை அங்கிருந்துதான் வந்திருந்தது. துரைசாணியின் வயிற்றுக்குள், தரைப்பலகைக்குக் கீழே இருக்கவேண்டிய எடை அது. நான் வந்த நாளிலிருந்து வேளா வேளைக்கு அதன்மேல் உட்கார்ந்து குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, அதன்மேல் உட்கார்ந்தபடியே தீர்ப்பும் சொல்லியிருக்கிறேன்.

ஏன் இறக்கினீர்கள் என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"ஐப்பசியில வடகரையில இருந்து இங்கன கொண்டாரணும்ல சார். வாடை பொறந்தா அங்கன படகு நிக்காது. பாலத்துக்கிட்ட தண்ணி கம்மி. இரும்பை எறக்குனோம், ஒரு சாண் மேல வந்துட்டா, தட்டாமத் தாண்டிட்டோம்."

"திரும்ப ஏற்றியிருக்கலாமே."

"சும்மா நிக்கிற படகுல எவனாச்சும் பாரம் வைப்பானா? எங்க வள்ளத்துல மணல் மூட்டை போட்டுத்தான் போறோம். கரைக்கு வந்தா மொத வேலை மணலைக் கொட்டுறது. போகயில காத்தைப் பாத்து மறுபடி ஏத்துவோம். காத்து லேசுன்னா மூட்டைக்குப் பதிலா ஆளு. பலகையைக் குறுக்க நீட்டி, காத்துப் பக்கமா ரெண்டு பேரு, மூணு பேரு அதுல ஏறி உக்காந்துக்கிருவோம். சனிக்கெழமை சும்மா ஒரு வெள்ளோட்டந்தானே, இரும்பு ஏத்த ஒரு நாளாகும், ஆளு போதும்னு ஆறு பேரைக் கூட்டியாந்தேன்."

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நீங்க படகு படிச்சவுக. உள்ள பலகையைத் தூக்கிப் பாத்தீக, சுத்தமா இருக்குன்னு சொன்னீக. தெரிஞ்சுதான் சொல்றீகன்னு நெனச்சேன்."

கொழும்பில் நான் வரைகிற படகுகளில் எடை அடியில் போல்ட் போட்டுத் தொங்கும். அதை யாரும் ஐப்பசியில் இறக்கி, தையில் ஏற்றுவதில்லை. துரைசாணி மாதிரிப் படகுக்கு எடை அடிமரத்தில் கொஞ்சமும் வயிற்றுக்குள் மீதியுமாக இருக்கும் என்பது நான் படித்ததுதான், பார்த்ததில்லை. சிவப்புப் பட்டை ஒரு சாண் தூக்கி நின்றதைப் பார்த்தேன், வெறும் வயிற்றைப் பார்த்தேன், ஆறு ஆட்களைப் பார்த்தேன். மூன்றையும் தனித்தனியே பார்த்தேன். வெட்கமாக இருந்தது. ரோசம்மா உட்கார ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வைத்தார். சட்டைப்பையில் இருந்த தந்தியைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

திங்கட்கிழமை முழுவதும் இரும்பு ஏறியது. அதே ஆறு பேரும் துண்டைச் சும்மாடு கட்டித் தலையில் வைத்துக் கரைவரை கொண்டுபோய், வள்ளத்தில் ஏற்றித் துரைசாணிக்குள் இறக்கினார்கள். எந்தப் பாளம் எங்கே என்று என்னைக் கேட்கவில்லை. இறக்கும்போது இருந்த வரிசை அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. சாயங்காலத்துக்குள் சிவப்புப் பட்டை தண்ணீருக்குச் சரியாக வந்து நின்றது. ஒல்லாந்துக்காரர் முட்டையின் மேல் நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் நாகரிகமான மனிதர், உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

"என் படகில் யாரும் நல்லெண்ணத்தோடு எதையும் கழற்றிவிட முடியாது. புதியதில் அது ஒரு வசதி" என்றார். அதுவும் உண்மைதான், அதையும் குறித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சனிக்கிழமையைவிடக் காற்று அதிகம். துரைசாணி கொஞ்சம் சாய்ந்து, அதற்குமேல் சாய மறுத்து, அப்படியே போனாள். சுக்கான் கட்டையைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு சவரிமுத்து கையை எடுத்துவிட்டார். அரை மணி நேரம் தானாகப் போனாள். முட்டையில் அது நடக்காது. சிகரெட் பற்றவைக்கக்கூட அதன் சொந்தக்காரர் கையை எடுத்ததை நான் பார்க்கவில்லை. நான் உள்ளே போய் இரண்டு கையாலும் தேநீர் போட்டேன். டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டுக் கவனித்தேன். தேநீர் ஆடியது, டம்ளர் நகரவில்லை. ஆனால் முட்டை அரை நாளில் போகிற தூரத்துக்கு இவளுக்கு ஒரு நாள் வேண்டும். அந்தப் பெரும்பாயை முழங்கால் வலிக்காரர் ஒருவரும் அக்காவும் சேர்ந்து ஏற்றுவது நடக்கிற காரியமா என்றும் தெரியவில்லை. இரும்பு இருந்தபோதும் ஆறு பேரும் காற்றுப் பக்கத்து விளிம்பில் வரிசையாக உட்கார்ந்துதான் வந்தார்கள். இந்த முறை நான் ஒன்றும் சொல்லவில்லை.

எது என்று முடிவு செய்ய முடியாமலேயே கொழும்புக்குத் திரும்பினேன். அத்தானிடம் நோட்டைக் கொடுத்தேன், அந்த ஒரு பக்கத்தைத் தவிர. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேகம், பாய், பலகை என்று ஒவ்வொன்றாகப் படித்தார். முட்டைப் பக்கம் அவருக்கு ஆசை போவது முகத்தில் தெரிந்தது. அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கவிழாதது எது?" என்றாள்.

சொல்லவேண்டியிருந்தது. இரும்பு, மேடை, கால்சட்டைக் கறை, ஆறு பேர், பறந்து வந்த கெண்டி, முழங்கால் தண்ணீர், எல்லாவற்றையும் சொன்னேன். அத்தான் கண்ணீர் வரச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"வயித்துக்குள்ள இருக்கிற இரும்பை எடுத்தாச்சு. ஆளையும் நீ இறக்கிவிட்டுட்டாய். பிறகு காத்தும் அடிச்சுது" என்றாள்.

"ஓம்."

"அப்பவும் அது கவிழேல்லை."

"இல்லை. எழும்பி நிண்டுட்டுது. சவரிமுத்து கயிற்றை விட்டபடியால்தான்."

"மற்றதை இப்பிடி எடையைக் கழட்டிப் போட்டு ஓட்டிப் பாத்தனியோ?"

இல்லை என்றேன். அத்தான் நோட்டை மூடிக் கண்ணாடியைக் கழற்றினார். அக்கா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"அப்ப துரைசாணியையே எடுப்பம். அந்தச் சவரிமுத்துவைக் கொழும்பு வரைக்கும் கொண்டுவந்து விடச் சொல்லு. ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு வரட்டும். நீயும் போய்க் கூட வா," என்றாள். "இந்த முறை ஒருத்தரையும் இறக்கிவிடாதை."